ராயவரத்துக்காரர் அச்சிட்ட டால்ஸ்டாய்

புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் வட்டத்தில் இருக்கிறது ராயவரம். நகரத்தார் ஊர். பர்மாத் தேக்குத் தூண்களும் நீண்ட வளவுகளும் கொண்ட வீடுகள். அந்த ஊரில் 1912-இல் பிறந்த வை. கோவிந்தன் நகரத்தார் வழக்கம்போல் பர்மாவுக்குப் போனார், திரும்பினார். அதற்குப் பிறகு செய்ததுதான் வழக்கமில்லாதது. கையிலிருந்த பணத்தை வட்டிக்கு விடாமல் சென்னையில் ஒரு பதிப்பகத்தில் போட்டார். 1930-களின் இறுதி அது. பதிப்பகத்தின் பெயர் சக்தி காரியாலயம். அது வெளியிட்ட முதல் புத்தகம் ஒரு ரஷ்யருடையது: டால்ஸ்டாயின் ‘இனி நாம் செய்ய வேண்டுவது யாது?’

என்ன புத்தகம் அது? 1882-இல் மாஸ்கோவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. டால்ஸ்டாய் தாமாகவே முன்வந்து கணக்கெடுப்பாளராகச் சேர்ந்தார். நகரத்தின் மிக ஏழ்மையான பகுதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிரபுக்களிடம் நன்கொடை திரட்டி அங்குள்ளவர்களின் துயரைத் தீர்த்துவிடலாம் என்பது அவர் எண்ணம். முடியவில்லை. ஏழையின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவனுக்காக இரக்கப்படுவது பயன் தராது, முதலில் கீழே இறங்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். லேவாதேவி மரபில் வந்த ஒருவர், தம் பதிப்பகத்தின் முதல் நூலாக இதைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் பழைய கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த பிறகு ஐரோப்பிய நகரங்களில் ஒரு கேள்வி சூடாக எழுந்தது. ரஷ்ய இலக்கியத்தையும் இசையையும் நேசிப்பவர்கள், ரஷ்ய அரசின் கைக்கு எட்டாத ஓர் இடத்தில் கூடுவது எப்படி? அந்த இடத்துக்கான வாடகையை யார் கொடுப்பது? லண்டனுக்கும் பாரிஸுக்கும் உரிய கேள்வி என்று நாம் நகர்ந்துவிடலாம். ஆனால் ரஷ்யாவுக்கு வெளியே ரஷ்ய நாவல்களைச் சொந்த வீட்டுக் கதைபோல் படித்த கூட்டங்களில் தமிழ் வாசகர்களும் உண்டு. அந்த வாசிப்பின் தொடக்கத்தில் நிற்கும் பதிப்பாளர்களில் ஒருவர் புதுக்கோட்டைக்காரர். ஆகவே கேள்வி நமக்கும் உரியதுதான்.

(பாரதியை விட்டுவிட்டீர்களே என்பவர்களுக்கு: மறக்கவில்லை. ரஷ்யா பற்றிய தமிழ்க் கட்டுரைகள் எல்லாம் அவரிடமிருந்தே தொடங்குகின்றன. ஒரு மாறுதலுக்கு ராயவரத்திலிருந்து தொடங்குவோமே.)

யாரும் பணம் தராத ரஷ்யா

கோவிந்தனுக்குப் பின்னால் எந்த அரசும் இல்லை. மாஸ்கோ பணம் தரவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் ரஷ்யா என்று சொன்னாலே போலீஸ் திரும்பிப் பார்த்த காலம் வேறு. 1939-இல் ‘சக்தி’ மாத இதழையும் தொடங்கினார். தி.ஜ.ர., கு. அழகிரிசாமி, தொ.மு.சி. ரகுநாதன் என்று அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களின் பட்டியலே ஓர் இலக்கிய வரலாறு. கணக்குப் பார்க்க வந்த இளைஞர் ஒருவரும் ராயவரத்துக்காரர்தான். எழுது எழுது என்று தி.ஜ.ர. அவரை ஊக்கினார். அந்த இளைஞரே பின்னாளில் குழந்தைக் கவிஞர் என்று தமிழ்நாடு கொண்டாடிய அழ. வள்ளியப்பா.

டால்ஸ்டாயின் மிகப் பெரிய நாவலை, நெப்போலியன் படையெடுப்பைச் சொல்லும் அந்த ஆயிரக்கணக்கான பக்கங்களை, டி.எஸ். சொக்கலிங்கம் தமிழில் கொண்டுவந்தார். அதை அச்சிடத் துணிந்ததும் சக்தி காரியாலயமே. எத்தனை பேர் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தால் எந்த வியாபாரியும் தொட்டிருக்க மாட்டார். 1957-இல் பாரதி கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்கு மலிவுப் பதிப்பாகக் கொண்டுவந்தவரும் இதே கோவிந்தன். நல்ல புத்தகம் ஏழையின் கைக்கு எட்ட வேண்டும் என்பது ஒன்றே அவர் கொள்கை. அதற்கு விலையும் கொடுத்தார். கைப்பொருள் கரைந்தது, பதிப்பகம் நின்றது. 1966-இல் அவர் இறந்தபோது மிஞ்சியிருந்தது பேர் மட்டும்தான்.

தமிழில் ரஷ்யப் பண்பாட்டைப் பரப்பிய ‘சுதந்திர நிலையம்’ ஒன்று இருந்தது என்றால் அது சக்தி காரியாலயமே என்பேன். அதில் பலகை மாட்டிய கட்டடம் இல்லை, தூதரக விருந்து இல்லை. ஒரு மனிதரின் பணமும் பிடிவாதமும் மட்டும் இருந்தன. அதன் பலவீனமும் அதுவே. ஒருவரின் பணம் தீர்ந்ததும் எல்லாம் தீர்ந்தது.

மாஸ்கோ அச்சிட்ட தமிழ்

அதற்குப் பிறகு வந்தது வெள்ளம். 1951-இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் ஊர் ஊராக வந்தன. முன்னேற்றப் பதிப்பகம், மீர், பின்னாளில் ராதுகா. கெட்டி அட்டை, நல்ல காகிதம், நம்ப முடியாத விலை. புத்தக வண்டி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும். பள்ளிக்கூட வாத்தியார் சம்பள நாளில் ஒரு கட்டு வாங்கிப் போவார். பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா, நா. முகம்மது செரீபு, நா. தர்மராஜன் போன்ற மொழிபெயர்ப்பாளர்களின் பெயர்கள் எழுத்தாளர்களின் பெயர்களுக்கு நிகராகப் புழங்கின. சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ படித்துவிட்டு ஆசிரியர் வேலையைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியதாகச் சொல்பவர்கள் தமிழகத்துப் பள்ளிகளில் நிறையப் பேர். தஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’, டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ இரண்டும் ரா. கிருஷ்ணையாவின் தமிழில்தான் இன்றும் பலருக்கு மனப்பாடம்.

‘சோவியத் நாடு’ இதழைச் சொல்லாமல் விட்டால் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். வழவழப்பான தாள், பளிச்சென்ற வண்ணப்படம். ஆண்டுத் தொடக்கத்தில் நோட்டுகளுக்கு அட்டை போட அதைவிடச் சிறந்த தாள் கிடையாது. டிராக்டர் ஓட்டும் ரஷ்யப் பெண்மணி எத்தனையோ கணக்கு நோட்டுகளின் மேல் சிரித்துக்கொண்டிருந்தார். சக்தியில் இருந்த ரகுநாதன், கார்க்கியின் ‘தாய்’ நாவலைத் தமிழாக்கினார். பிறகு சோவியத் நாடு அலுவலகத்திலேயே பல காலம் பணியாற்றினார். ஒரு தனி மனிதரின் முயற்சியில் பழகிய கை அரசு நிறுவனத்துக்கு மாறியது.

இந்தப் புத்தகங்களின் மலிவு விலைச் சுமையை யார் ஏற்றுக்கொண்டார்கள் என்பதை அப்போது யாரும் கேட்கவில்லை. சோவியத் அரசு ஏற்றுக்கொண்டது. எனவே எதை மொழிபெயர்ப்பது, எதை விடுவது என்பதையும் அதுவே தீர்மானித்தது. கார்க்கி கட்டுக்கட்டாக வந்தார். பாஸ்டர்நாக், அக்மதோவா, புல்ககோவ் எல்லாம் அந்தப் புத்தக வண்டியில் ஏறவே இல்லை. இதைச் சொல்வதால் அந்தப் புத்தகங்களின் அருமை குறைந்துவிடாது. நானும் அவற்றின் வளர்ப்புதான். ஆனால் இலவசமாக வந்த சாப்பாட்டில் பரிமாறியவர் விருப்பம் கலந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. சில ஆண்டுகளுக்குள் மாஸ்கோவின் தமிழ்ப் பதிப்பு அடியோடு நின்றது. ஒரு மனிதரின் பணம் தீர்ந்தபோது சக்தி நின்றதுபோல, ஓர் அரசு தீர்ந்தபோது இதுவும் நின்றது.

அரசின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு இன்னொரு கதை, நம்மில் பலர் கேள்விப்படாதது. அலெக்சாந்தர் மெர்வார்த், அவர் மனைவி லியுத்மிலா இருவரும் முதல் உலகப் போர்க் காலத்தில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சுற்றி, ரஷ்ய அருங்காட்சியகம் ஒன்றுக்குப் பொருள் சேர்த்தவர்கள். திரும்பிப் போய் லெனின்கிராடில் தமிழ் கற்பித்தார் மெர்வார்த். 1929-இல் பேச்சுத் தமிழுக்கு ரஷ்ய மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். மறு ஆண்டே அறிஞர்கள் மீது போடப்பட்ட ஒரு வழக்கில் கைதானார். 1932-இல் முகாமில் இறந்தார். தமிழுக்கு ரஷ்யாவில் வாசல் திறந்தவருக்கு அந்த நாட்டு அரசு கொடுத்த இடம் அது.

பாரிஸில் ஒரு மொய் விருந்து

அரசின் கைக்கு எட்டாத இடத்துக்கு வாடகை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு ஒரு பழைய விடை உண்டு. 1875-இல் பாரிஸில் கெர்மன் லோபாத்தின் என்ற நாடு கடந்த ரஷ்யப் புரட்சியாளருக்கு ஓர் ஆசை வந்தது. ஏழை ரஷ்ய மாணவர்கள் குளிருக்கு ஒதுங்கிப் படிக்க ஒரு நூலகம் வேண்டும். மார்க்ஸின் ‘மூலதனம்’ நூலை ரஷ்யத்தில் பெயர்த்தவர்களில் ஒருவர் இவர். நேரே எழுத்தாளர் துர்கேனிவிடம் போனார். துர்கேனிவ் தம் புத்தகங்களைக் கொடுத்தார். பணத்துக்கு, பாடகி பொலீன் வியார்தோவின் வீட்டில் ஓர் இசை–இலக்கிய நிகழ்ச்சி ஏற்பாடு செய்தார். கட்டணம் வைத்துத் திரட்டிய காசில் நூலகம் நடந்தது. லெனின் பாரிஸில் இருந்தபோது அங்கே படித்தார். புரட்சியை வெறுத்து ஓடிவந்தவர்களும் பிறகு அங்கேயே படித்தார்கள். ஒரே மேசையில் இரு தரப்பும்! 1940-இல் பாரிஸைப் பிடித்த நாஜிகள், ஏறத்தாழ ஒரு லட்சம் புத்தகங்களைப் பெட்டிகளில் அடைத்துக்கொண்டு போனார்கள். பெரும்பகுதி திரும்பவில்லை. போருக்குப் பிறகு மறுபடி சேர்க்கத் தொடங்கினார்கள். துர்கேனிவ் நூலகம் இன்றும் பாரிஸில் நடக்கிறது.

கட்டணம் வைத்து, விருந்து வைத்து, பலரிடம் சிறுகச் சேர்த்து ஒரு காரியத்தை நடத்துவது புதுக்கோட்டைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடி மாதம் பிறந்தால் கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பக்கம் மொய் விருந்துப் பந்தல்கள் எழும். கறிச்சோறு போட்டு, வாங்கிய மொய்யை நோட்டில் எழுதி, ஒரே நாளில் லட்சங்களைத் திரட்டும் ஊர்கள் அவை. கடைக்கு முதலானதும் பிள்ளையைப் படிக்கவைத்ததும் அந்தப் பணம்தான். வங்கி மேலாளர் கேட்கும் ஈடு எதுவும் அங்கே கிடையாது; நோட்டில் இருக்கும் எழுத்தே ஈடு. ஒரு நூலகத்துக்காக மொய் விருந்து வைத்தால் என்ன என்று நினைத்தால் சிரிப்பு வருகிறதா? துர்கேனிவ் செய்ததும் ஏறக்குறைய அதைத்தானே.

லண்டனில் இருக்கும் புஷ்கின் ஹவுஸ் இன்னொரு மாதிரி. புலம்பெயர்ந்த ரஷ்யரான மரியா குல்மன் 1954-இல் நண்பர்களோடு தொடங்கியது. 2006 முதல் ப்ளூம்ஸ்பரி சதுக்கத்தில் இயங்குகிறது. அறக்கட்டளையாகப் பதிவானது; உறுப்பினர் சந்தா, நன்கொடை, நுழைவுச் சீட்டு ஆகியவை அதன் வருமானம். 2022-இல் போர் தொடங்கியதும் படையெடுப்பை வெளிப்படையாகக் கண்டித்தது. ரஷ்ய இலக்கியக் கூட்டங்களையும் நிறுத்தவில்லை. அரசுப் பணத்தில் இயங்கும் ஒரு நிலையத்தால் இப்படி வாய் திறக்க முடியாது. வெளிநாடுகளில் ‘ரஷ்ய மாளிகை’களை நடத்தும் அரசு முகமைமீது அந்த ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. சென்னை கஸ்தூரி ரங்கா சாலையில் இருப்பதும் அந்த முகமையின் மாளிகைதான். அங்கே மொழி வகுப்பு நடக்கிறது, படம் போடுகிறார்கள், நல்ல கூட்டங்களும் உண்டு. போவதில் தவறில்லை. ஆனால் அங்கே எந்தக் கேள்வியைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது உள்ளே நுழையும்போதே நமக்குத் தெரிந்துவிடும்.

திருக்கோகர்ணத்தில் கிடைக்கும் பாடம்

புதுக்கோட்டை நகரின் திருக்கோகர்ணத்தில் அரசு அருங்காட்சியகம் எல்லாருக்கும் தெரியும். அதே பகுதியில் இருக்கிறது ஞானாலயா ஆய்வு நூலகம். பள்ளி ஆசிரியராக இருந்த பா. கிருஷ்ணமூர்த்தியும் கல்லூரிப் பேராசிரியராக இருந்த அவர் மனைவி டோரதியும் தங்கள் சம்பளத்தில் சேர்த்த நூலகம் அது. ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்கள். முதல் பதிப்புகளும் பழைய இதழ்களும் ஏராளம். தமிழில் ஆய்வு செய்பவர்கள் வெளியூர்களிலிருந்து பேருந்து ஏறி வருகிறார்கள். நாஜிகள் பாரிஸில் அள்ளிக்கொண்டு போன அளவுக்கு நூல்களை இங்கே இரண்டு ஆசிரியர் சம்பளங்கள் சேர்த்திருக்கின்றன.

பக்கத்து மாவட்டத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களுக்கு வேறு கதி. 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. நல்லவேளையாக நாடு கடத்தாமல், 1994-இல் சென்னையிலேயே அதைப் பொது ஆய்வு நூலகமாக்க வழி செய்தார்கள். அதனால் பிழைத்தது. ஆனால் தமிழ்ப் புத்தகங்களைக் காப்பாற்ற அமெரிக்கப் பல்கலைக்கழகம் வர வேண்டியிருந்தது என்பதில் நமக்குப் பெருமை எதுவும் இல்லை.

என் யோசனை இதுதான். புதுக்கோட்டையில் தமிழ்வழி ரஷ்ய இலக்கியத்துக்கு ஓர் அறை வேண்டும். தனிக் கட்டடம் வேண்டாம். கட்டடம் என்றால் அடிக்கல், அடிக்கல் என்றால் மந்திரி, மந்திரி என்றால் கல்வெட்டு. அதோடு சுதந்திரம் போயிற்று. ஏற்கெனவே இயங்கும் ஒரு நூலகத்துக்குள்ளோ, ஒரு கல்லூரிக்குப் பக்கத்தில் வாடகை வீட்டிலோ அந்த அறை இருக்கலாம். மாவட்டத்தில் வீடு வீடாகப் பரணில் கிடக்கும் மாஸ்கோப் பதிப்புகளைச் சேர்க்கட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் காலமானதும் பிள்ளைகள் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடுவது அன்றாடம் நடக்கிறது. அதைத் தடுப்பதுதான் முதல் வேலை.

அலமாரி அடுக்கும்போது ஒரு கண்டிப்பு தேவை. நாம் ‘ரஷ்யக் கதை’ என்று படித்த பலவற்றை எழுதியவர்கள் ரஷ்யர்கள் இல்லை. ஐத்மாத்தவ் கிர்கிஸ்காரர். கோகோல் உக்ரைன் மண்ணில் பிறந்தவர், கொரலேன்கோவும் அப்படித்தான். மாஸ்கோ அச்சிட்டது என்பதற்காக எல்லாரையும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் நிறுத்தியது பேரரசின் பழக்கம். அதை நாமும் தொடர வேண்டியதில்லை. சோவியத் காலத்தில் விடுபட்டவர்களுக்கும் இடம் வேண்டும். எம்.ஏ. சுசீலா போன்றவர்களின் உழைப்பால் ‘குற்றமும் தண்டனையும்’, ‘அசடன்’ என்று தஸ்தயேவ்ஸ்கியின் பெரிய நாவல்கள் தமிழுக்கு வந்துவிட்டன. இவை ஆங்கிலம் வழியாக வந்தவை. மூலத்திலிருந்து நேராகப் பெயர்க்கும் கைகள் குறைந்துவிட்டன.

கைகளே இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டிலிருந்து மருத்துவம் படிக்க ரஷ்யா போகிற பிள்ளைகள் நோயாளியிடம் பேசுவதற்காகவே அந்த மொழியைக் கற்கிறார்கள். திரும்பி வந்து தகுதித் தேர்வு எழுதி, ஏதோ ஓர் ஊரில் கிளினிக் வைத்ததும் அந்த ரஷ்யம் துருப்பிடிக்கிறது. கூடங்குளத்தில் ரஷ்யப் பொறியாளர்களோடு வேலை செய்து மொழி பழகியவர்களும் இருக்கிறார்கள். செகாவும் டாக்டர்தானே! இவர்களில் பத்துப் பேரை ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து ஒரு செகாவ் கதையை வரி வரியாகப் பெயர்க்கவைத்தால், எந்தப் பல்கலைக்கழகமும் செய்யாததைச் செய்த மாதிரி இருக்கும்.

இனிப் பணம். மாதம் 200 ரூபாய் வீதம் 500 பேர் கொடுத்தால் ஒரு லட்சம். வாடகை, ஒரு நூலகரின் சம்பளம், ஒரு ஸ்கேனர், மொழிபெயர்ப்புக்குச் சிறு ஊதியம் எல்லாம் அதற்குள் அடங்கும். அறக்கட்டளையாகப் பதிந்து வருமான வரிச் சட்டப்படி உரிய பதிவுகளைப் பெற்றால் கொடுப்பவர்களுக்கு வரிச் சலுகையும் கிடைக்கலாம். அறந்தாங்கி, மணமேல்குடிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்ப்பவர்கள் இந்தியக் குடிமக்களாக இருக்கும்வரை வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை; 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. தூதரகம் கொடுப்பதும் அதே கணக்கில்தான் சேரும். இந்தக் கெடுபிடியை நான் குறையாகப் பார்க்கவில்லை. ஊர்க்காசில் நடத்துங்கள் என்று சட்டமே சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம்.

பெரிய நன்கொடையாளர் ஒருவரே போதும் என்று யாராவது முன்வந்தால் கோவிந்தனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தாங்கினால் அவரோடு போய்விடும். 500 பேர் தாங்கினால், ஐம்பது பேர் கோபித்துக்கொண்டு போனாலும் விளக்கு எரியும். உக்ரைன் பற்றி ஒரு கூட்டம் போட்டால் சிலர் நிச்சயம் கோபிப்பார்கள், தோழர்களிலேயே சிலர். கோபிக்கட்டும். மொய் நோட்டுபோல வரவு செலவை மாதாமாதம் வாசலில் ஒட்டிவிட்டால் மற்ற சந்தேகங்கள் வராது.

தொடங்குபவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. 1881-க்குப் பிறகு எழுதிய நூல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று 1891-இலேயே டால்ஸ்டாய் பத்திரிகைகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கோவிந்தன் வெளியிட்ட முதல் நூலும் அந்த வகையில் சேரும். ஆனால் தமிழ் மொழிபெயர்ப்பின் உரிமை பொதுவாக மொழிபெயர்த்தவருக்குத் தனியாக உண்டு. இந்தியச் சட்டப்படி அவர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கு அவர் குடும்பத்தைச் சேரும். அரசு நாட்டுடைமையாக்கியவர்களின் நூல்களுக்கு இந்தக் கட்டு இல்லை. மற்றவர்களின் மாஸ்கோப் பதிப்புகளை ஸ்கேன் செய்து பொதுவில் வைப்பதற்கு முன், அந்தக் குடும்பங்களின் முகவரியைத் தேடிப் பிடித்துக் கடிதம் எழுத வேண்டும். கடிதத்தோடு ஒரு தொகையும் போக வேண்டும். பலர் சென்னையிலும் சிவகங்கையிலும் மதுரையிலும்தான் இருப்பார்கள். அப்பாவின் புத்தகத்துக்கு உரிமைத்தொகை என்று ஒன்று வருவதை அவர்களில் சிலர் முதல்முறையாகப் பார்ப்பார்கள்.